போட்டோஷாப்பா, கோரலா? கடையில் பார்த்த சில கேஸ்கள்

டிசைன் வேலைக்குப் படம் திருத்துகிற போட்டோஷாப் போதுமா, கோடு வரைகிற கோரல் டிராவும் வேண்டுமா என்ற கேள்விக்கு, மேலே ரெண்டு பேர் போட்டோஷாப் ஒன்றே போதும், எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் போஸ்டர் போடுகிறவர்களுக்கு அது சரி. ஃப்ளெக்ஸ், அழைப்பிதழ், ஸ்டிக்கர் என்று எல்லாமே வந்து விழுகிற டிசைன் கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். எது உசத்தி என்று பார்ப்பதே இல்லை, இது கடைசியில் எந்த மெஷினுக்குப் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒரு பள்ளிக்கூடத்து லோகோ வாட்ஸ்அப்பில் வந்தது. விசிட்டிங் கார்டு அடிக்கிற வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் மூலையில் அரை இஞ்சுக்கு வைக்க 150 பிக்சல் இருந்தாலே 300 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) வந்துவிடும். அப்புறம் அதையே வேன் கதவில் வினைல் ஸ்டிக்கராக வெட்டி ஒட்ட வேண்டும் என்றார்கள். கட்டிங் பிளாட்டருக்குப் படமெல்லாம் புரியாது, கத்தி எங்கே ஆரம்பித்து எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்கிற கோடு வேண்டும், அதாவது வெக்டர். "கோரல் பைலே இருக்கு சார்" என்று சந்தோஷமாக அனுப்பினார்கள், திறந்தால் உள்ளே அதே ஜேபிஜி! (ஜேபிஜியை கோரலில் இழுத்துப் போட்டு சேவ் பண்ணினால் அது வெக்டர் ஆகாது என்று கடை வாசலில் போர்டு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.) படத்தைத் தானாகவே கோடாக மாற்றுகிற ஆட்டோ டிரேஸ் கொடுத்துப் பார்த்தோம், ஓரத்தில் இருந்த ஜேபிஜி அழுக்கும் சேர்ந்து கோடெல்லாம் பல்லுப் பல்லாக வந்தது. கடைசியில் பென் டூலில் கையால் வரைந்து, எழுத்துக்கு ஒத்த ஃபான்ட்டைத் தேடி டைப் பண்ணித்தான் முடிந்தது. அந்த பைலை அவர்களுக்கும் கொடுத்துவிட்டோம், இனி நுழைவாயில் வளைவு அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாது.

இதற்கு நேர் எதிரான கேஸ் ஒன்று. தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளை போட்டோவைக் கொண்டுவந்து கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டார் ஒருவர். யூடியூப் பார்த்துவிட்டு வந்தவர், "வெக்டராக்கிடுங்க, அப்பத்தான் பிக்சல் உடையாது" என்று பிடிவாதம். டிரேஸ் பண்ணிக் காட்டினேன், முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டது, சுருக்கம், நரை எதுவும் இல்லை. முகம், தோல், நிழல் என்றால் பிக்சல்தான், போட்டோஷாப்தான். சரி, 300 டிபிஐயாவது வையுங்கள் என்றார். 10க்கு 8 அடி பேனரை 300இல் போட்டால் 36,000க்கு 28,800 பிக்சல். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி பைல் ஒரு பக்கம் 30,000க்கு மேல் ஏற்காது, பெரிய படத்துக்கான பிஎஸ்பிதான் வேண்டும், அச்சு மையின் நாலு கலரான சிஎம்ஒய்கேயில் ஒரே லேயர் சுமார் 4 ஜிபி. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிற பேனருக்கு இது எதற்கு? 72இல் போட்டால் 8,640க்கு 6,912, அதுவே தாராளம். அவர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார், பேனர் நன்றாகவே வந்தது.

கல்யாண அழைப்பிதழில்தான் இரண்டையும் கலந்து வேலை செய்தாக வேண்டும். பிள்ளையார் படம், பூ, பின்னணியை போட்டோஷாப்பில் செய்துகொள்ளலாம். எழுத்தை அங்கேயே அடித்து ஃப்ளாட்டன் பண்ணி (படத்தோடு ஒன்றாக்கி) அனுப்புகிறவர்களை என்ன சொல்ல? திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு சிஎம்ஒய்கே ஆகும்போது நாலு கலரும் கலந்துவிடும், ஆஃப்செட் அச்சில் கலருக்கு ஒன்றாக இருக்கிற பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்கிற பொடி எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நிழல் விழும். எழுத்தை கோரலிலோ, அதே மாதிரியான இல்லஸ்ட்ரேட்டரிலோ வைத்து, வெறும் கே 100 (கறுப்பு மை மட்டும்) கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர்காரர்கள் சவுத் ஏஷியன் கம்போசரை (இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற அமைப்பு) ஆன் பண்ணாமல் தமிழ் யூனிகோடு அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை கர்வ்ஸ் (கோட்டு வடிவம்) ஆக்குங்கள், கோரலில் கன்ட்ரோல் க்யூ. ஆக்கிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் ஆக்காத காப்பி ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும், ராத்திரி பத்து மணிக்கு "சின்ன மாமா பேரு விட்டுப்போச்சு" என்று போன் வரும்.

முதலில் எதைக் கற்பது என்று கேட்ட தம்பிக்கு: நம்ம ஊர் அச்சுக் கடை வேலை என்றால் கோரலில் பென் டூல், அதோடு போட்டோஷாப்பில் கட்டிங் (படத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது), கலர் திருத்தம். காசு இல்லை என்றால் கோரலுக்குப் பதில் இங்க்ஸ்கேப்பும் போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப்பும் இலவசம், கை பழக அது போதும். ஆனால் இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியை வைத்தே ஓடுகிறது, ஆஃப்செட் வேலைக்குக் கலரை வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, புது கோரலில் சேவ் பண்ணிய பைலைப் பழைய வெர்ஷன் திறக்காது. அச்சகத்தில் எந்த வெர்ஷன் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு அதற்கேற்ப சேவ் பண்ணுங்கள், இல்லையா, கர்வ்ஸ் ஆக்கிய பிடிஎஃப் அனுப்புங்கள்.