கெப்பில கொழுவின சாப்பாட்டு ட்ரெயிலர் 60க்கு மேல போனா வாலாட்டுது, உதவி வேணும்

கிளிநொச்சிப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதுறன், பொறுமையா வாசிச்சுப்போட்டுத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. நானும் மச்சானும் சேர்ந்து கொத்துரொட்டிக் கடை போட எண்டு ஒரு ட்ரெயிலர் செய்விச்சனாங்கள். 12 அடி நீளப் பெட்டி, ஒரு அச்சு ரெண்டு சில்லு, அச்சு பெட்டிக்கு நடுச் சென்டர்ல. இழுக்கிறது ஹைலக்ஸ் டபுள் கெப். முன்பக்கம் கொத்துத் தகடும் காஸ் சிலிண்டரும், கடைசிப் பின்பக்கம் 500 லீற்றர் தண்ணி ராங்கி, அதுக்கும் வெளியால ஸ்டாண்ட் அடிச்சு ஜெனரேற்றர்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத்தான் முதல் தூரப் பயணம். கோயில் எண்டபடியா மரக்கறிக் கொத்துத்தான், சாமான் எல்லாம் ஏத்தி, ராங்கியில ஒரு 200 லீற்றர் தண்ணியும் விட்டுட்டு வெளிக்கிட்டனாங்கள். முறிகண்டியில தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு, மாங்குளம் போய் முல்லைத்தீவு ரோட்டால திரும்புவம் எண்ட பிளான். முறிகண்டி தாண்டி ரோட்டு நேரா வெறுமையா கிடந்தது, 65ல போனனான், கொழும்பு பஸ் ஒண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வலப்பக்கத்தால வெட்டிப் போச்சுது, அவ்வளவுதான். முதல் பின்னுக்கு யாரோ மெல்லமா தள்ளின மாதிரி இருந்தது, பிறகு வலக் கண்ணாடியில பெட்டியின்ர மூலை தெரியுது, அடுத்த செக்கன் இடக் கண்ணாடியில தெரியுது, திரும்ப வலக் கண்ணாடி, ஒவ்வொரு முறையும் முந்தியதை விடக் கூட. ராங்கியில தண்ணி டொம் டொம் எண்டு அடிக்கிற சத்தம் எனக்கு முன் சீற்றுக்குக் கேட்டது. நான் பயத்தில பிரேக்கை அமத்திப்போட்டன், அமத்தினதோட இன்னும் கூடிட்டு, கெப்பின்ர பின்பக்கத்தையே தூக்கி எறியிற மாதிரி. எப்பிடியோ கிரவலுக்குள்ள இறங்கித்தான் நிண்டது. எதிர்ப்பக்கத்தால ஒருத்தரும் வரேல்ல, அது அம்மாளாச்சிதான். திறந்து பாத்தா சோடாக் கேஸ் ரெண்டு சரிஞ்சு, ரொட்டி மாவுக்குள்ள முழுக்கக் கண்ணாடித் துண்டு.

அதுக்குப் பிறகு 40க்கு மேல போகேல்ல, 40ல ஒரு பிரச்சினையும் இல்லை. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போகவேணும், அதுக்குள்ள இதைச் சரிக்கட்ட வேணும். என்ன பிழை? சொக்கப்சோர்பர் மாத்த வேணுமோ? ரோட்டில ஆட்டம் வந்தா என்ன செய்யிறது எண்டும் சொல்லுங்கோ.

வவுனியா லொறி:

தம்பி ஆட்டம் வந்தா பிரேக் அடிக்கக் கூடாது, அக்சிலேற்றரைக் குடுத்து இழுக்கவேணும், முன்னுக்கு இழுபட்டா பெட்டி தானா நேராகும். நான் ரெண்டு தரம் அப்பிடித்தான் தப்பினனான்.

ஒட்டுசுட்டான் மெசின்காரர்:

தம்பி, நீர் எழுதினதை வாசிக்கவே எனக்கு விளங்கீட்டு. சொக்கப்சோர்பர் இல்லைப் பிரச்சினை, பின்பாரம். எங்கட அப்பு மாட்டு வண்டில் வைச்சிருந்தவர், நெல்லு மூட்டை ஏத்தேக்க கீழ நிண்டு பாத்துப் பாத்துச் சொல்லுவார், முன்னுக்கு ஒண்டு போடு, இப்ப காணும் எண்டு. மாட்டின்ர கழுத்தில நுகம் கொஞ்சம் பாரமா இருக்கவேணும். பின்பாரம் கூடினா நுகம் மேல எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின்ர தொண்டையை நெரிக்கும். லாண்ட்மாஸ்டர், அதான் ரெண்டு சில்லுக் கை உழவு மெசின், அதின்ர பெட்டியும் அப்பிடித்தான், மணலைப் பின்னுக்குக் குவிச்சா கைபிடி மேல தூக்கும், சின்னப் பெடியனுக்கும் தெரியும். உம்மட கெப் பாரமானது, அதால தூக்கினது உமக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான். 200 லீற்றர் தண்ணி எண்டா 200 கிலோ, அதைக் கொண்டுபோய்க் கடைசியில வைச்சு, அதுக்கும் பின்னுக்கு ஜெனரேற்றரையும் தொங்கவிட்டா பெட்டிக்கு வால் முளைச்ச மாதிரித்தானே. தண்ணியை வற்றாப்பளையில போய் நிரப்பலாம், கிளிநொச்சியில இருந்து ஏன் காவுறீர்?

வவுனியாத் தம்பி குறை நினைக்காதேங்கோ, ஸ்பீடைக் கூட்டுறது சரியான பிழை. கூடக் கூட ஆட்டமும் கூடும். நீங்கள் தப்பினது உங்கட அதிஷ்டம், ஆனா இந்தப் பெடியனுக்கு அதைச் சொல்லாதேங்கோ.

கனடாவில இருந்து மாங்குளத்தான்:

ஐயா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்டும் இல்லை, கணக்கை மட்டும் நான் சொல்லுறன். இஞ்ச நாங்கள் சமருக்கு 24 அடி கரவன் ட்ரெயிலர் இழுத்துக்கொண்டு காம்பிங் போறனாங்கள், முதல் வருசமே ஹைவேயில எனக்கும் இதே மாதிரி நடந்தது, பின் சீற்றில பிள்ளையள் ரெண்டு பேரும் இருந்தவை, அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்ல. அதுக்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிச்சனான்.

ஐயா நுகத்தில பாரம் இருக்கவேணும் எண்டு சொன்னதுதான் முன்பாரம், அதாவது கொழுவுற இடத்தில கீழ்நோக்கி விழுற பாரம். ட்ரெயிலரின்ர முழுப் பாரத்தில 10 வீதத்துக்கும் 15 வீதத்துக்கும் இடையில இருக்கவேணும். 10க்குக் கீழ போனா, பஸ் வெட்டேக்க வாற காத்து, பள்ளம், சோளகக் காத்து, எது தட்டினாலும் பெட்டி பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கும். ஒரு ஸ்பீட்டுக்குக் கீழ அந்த ஆட்டம் தானா அடங்கும், அதுக்கு மேல தானா வளரும். 40ல நல்லா இருந்து 65ல ஆடினதுக்குக் காரணம் அதுதான். அரைகுறையா நிரம்பின ராங்கியும் கூடாது, தண்ணி பக்கத்துக்குப் பக்கம் அடிச்சு ஆட்டத்துக்கு உதவி செய்யும்.

அளக்கிறதுக்குப் பெரிய மெசின் வேண்டாம், குளியலறைத் தராசு காணும். தராசை ஒரு பக்கம், அதே உயரத்துக்கு ஒரு சீமெந்துக் கல்லை மற்றப் பக்கம் வையுங்கோ. ரெண்டுக்கும் மேல ஒவ்வொரு பைப் துண்டு, ஒரு பைப்புக்கும் மற்றப் பைப்புக்கும் இடையில சரியா 3 அடி. அதுக்கு மேல ஒரு தடிப்பான பலகை. பலகையோட மட்டும் தராசு எவ்வளவு காட்டுது எண்டு முதல் குறிச்சு வையுங்கோ. பிறகு சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லு முட்டுக் குடுத்துட்டு, ட்ரெயிலரைக் கழட்டி, அதின்ர மூக்கை, அதாவது கெப்பில கொழுவுற முனையை, கல்லுப் பக்கத்துப் பைப்பில இருந்து 1 அடியில பலகைக்கு மேல இறக்குங்கோ. தராசு காட்டுறதில பலகைப் பாரத்தைக் கழிச்சு 3ஆல பெருக்கினா முன்பாரம். கொழுவி ஓடேக்க மூக்கு எவ்வளவு உயரத்தில இருக்குமோ அதே உயரத்தில வைச்சு அளக்கவேணும், சாமான் எல்லாம் ஏத்தினபடி.

ஓடேக்க ஆட்டம் வந்தா: அக்சிலேற்றரில இருந்து காலை எடுங்கோ, ஸ்டியரிங்கை நேரா இறுக்கிப் பிடியுங்கோ, பெட்டி போற பக்கத்துக்கு மாறி மாறி வெட்டாதேங்கோ, நீங்கள் வெட்டுறதும் அது ஆடுறதும் சேர்ந்துதான் கவிழ்க்கும். கெப் பிரேக்கை அமத்தினா கெப் மெதுவாகும், பெட்டி பின்னால தள்ளும், உங்களுக்கு நடந்தது அதுதான். ட்ரெயிலருக்கு எலெக்ட்ரிக் பிரேக் இருந்தா அதை மட்டும் கையால மெல்லமா குடுக்கலாம், அப்ப பெட்டி பின்னுக்கு இழுபட்டு நேராகும். உங்கட பெட்டியில பிரேக் இருக்கோ?

ஆட்டத்தைக் குறைக்கிற பார் கொழுவலாமோ எண்டு ஆராவது சொல்லுவினம். நானும் வைச்சிருக்கிறன், நல்ல சாமான். ஆனா பாரத்தைச் சரியா ஏத்தாம அந்தப் பாரைப் போட்டா வருத்தம் அப்பிடியே இருக்கும், காய்ச்சல் மட்டும் தெரியாது.

கிளிநொச்சிப் பெடியன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இண்டைக்குத் தெரிஞ்ச நெல்லு ஆலையில வே பிரிட்ஜில ஏத்திப் பாத்தனாங்கள், அண்டைக்கு ஏத்தின மாதிரியே தண்ணியோட எல்லாம் வைச்சு. மொத்தம் 1180 கிலோ. பிறகு அண்ணை சொன்ன மாதிரித் தராசு வைச்சுப் பாத்தா, பலகையைக் கழிச்சு 5 கிலோ காட்டுது. நான் தராசு பழுது எண்டு நினைச்சு மச்சானை ஏத்திப் பாத்தனான், தராசு சரி. அப்ப முன்பாரம் 15 கிலோ. 1180க்கு 15. ஐயா சொன்னது அப்பிடியே சரி. ஒரு கையால மூக்கைத் தூக்கேக்க எவ்வளவு லேசா இருக்குது எண்டு சந்தோசப்பட்டனாங்கள், அதுதான் பிழை எண்டு தெரியாம.

ட்ரெயிலருக்குப் பிரேக் இல்லை.

பரந்தன் பட்டறை:

நான் இந்த வேலைதான் செய்யிறனான், அதால சில விசயம் கேக்கிறன். ஒண்டு, கெப்பில பூட்டின போலின்ர, அதான் ட்ரெயிலர் கொழுவுற இரும்பு உருண்டையின்ர அளவு என்ன, அதுக்கு மேல கவிழ்ந்து பூட்டுற ட்ரெயிலர் மூக்குக் கப் என்ன அளவு? கப்பில 50 மில்லிமீற்றர் எண்டு அடிச்சிருந்து, கெப்பில இருக்கிறது ஒண்டே முக்கால் அரைக்கால் அங்குலப் போல் எண்டா அது 47.6 மில்லிமீற்றர்தான். பூட்டும், பூட்டின மாதிரியும் இருக்கும், ஆனா உள்ளுக்கு லூசா ஆடும், பெரிய பள்ளத்தில கழண்டும் போகும். போலுக்கு மேல அடிச்சிருக்கிற இலக்கத்தை ஒருக்கா பாருங்கோ. ரெண்டு, கொழுவி நிக்கேக்கப் பெட்டி மட்டமா நிக்குதோ, மூக்கு மேல பாத்துக்கொண்டு நிக்குதோ? மூக்கு மேல நிண்டா பாரம் பின்னுக்குச் சரியும். மட்டமா, இல்லாட்டி மூக்கு ஒரு நூல் கீழ நிக்கவேணும். மூண்டு, சில்லுக்குப் பழைய கார் ரயர்தானே போட்டிருக்கிறியள்? கார் ரயரின்ர பக்கச் சுவர் மெல்லிசு, வளைஞ்சு குடுக்கும். வான் ரயர் போட்டு, ரயர்ல எழுதியிருக்கிற அளவுக்குக் காத்து அடியுங்கோ. கெப்பின்ர பின் ரயருக்கும் பாரம் ஏத்தினா எவ்வளவு காத்து எண்டு கதவுச் சட்டத்தில ஒட்டியிருக்கும்.

அச்சை நடுவில வைச்சதும் சரியில்லை. பெட்டி நீளத்தில 60 வீதம் அச்சுக்கு முன்னுக்கு இருக்கிற மாதிரி அச்சைப் பின்னுக்குத் தள்ளியிருக்க வேணும். இனி வெட்டி ஒட்டுறது பெரிய வேலை, முதல்ல பாரத்தை மாத்திப் பாருங்கோ.

பிரேக் விசயம் மட்டும் கட்டாயம். பிரித்தானியாவில பிரேக் இல்லாத ட்ரெயிலர் எண்டா 750 கிலோதான் உச்சம், அதுக்கு மேல எண்டா பிரேக் இருக்கத்தான் வேணும். நீங்கள் 1180ஐப் பிரேக் இல்லாம இழுத்திருக்கிறியள். சேப்டி செயினும் ரெண்டு போட்டு மூக்குக்குக் கீழ குறுக்குமறுக்கா கொழுவுங்கோ, மூக்குக் கழண்டாலும் அந்தச் செயினுக்கு மேல விழும், ரோட்டில குத்தாது.

கிளிநொச்சிப் பெடியன்:

அண்ணை, போல்ல 1-7/8 எண்டுதான் அடிச்சிருக்குது. கப்பில 50. வாங்கின கடையில சரியாப் பூட்டும் எண்டு தந்தவை. மூக்கும் மேல பாத்துக்கொண்டுதான் நிக்குது, நூல் பிடிச்சுப் பாத்தனான், பின்பக்கம் 3 அங்குலம் கீழ.

வவுனியா லொறி:

நான் சொன்னது பிழை, ஐயா. உங்கட விளக்கத்துக்குப் பிறகு யோசிச்சுப் பாத்தனான், ரெண்டு தரமும் ஏத்தத்திலதான் நடந்தது, நான் குடுத்தும் ஸ்பீட் கூடேல்ல, அதாலதான் தப்பினது போல. தம்பி, சங்குப்பிட்டிப் பாலத்தால பூநகரிப் பக்கம் போறதெண்டா சோளகம் அடிக்கிற மாதங்கள்ல கவனம், கடலுக்கு நடுவால போற ரோட்டு, மறைப்பு ஒண்டும் இல்லை, என்ர லொறியையே தள்ளும்.

கிளிநொச்சிப் பெடியன்:

மடுவுக்குப் போய் வந்தாச்சு, அதுதான் எழுதுறன்.

தண்ணியை வெறுமையாக்கினம், மொத்தம் 980 கிலோ. முதல்ல பயத்தில எல்லாத்தையும் முன்னுக்குத் தள்ளினன், ஜெனரேற்றர், மா மூட்டை, கதிரை எல்லாம். தராசு 64 காட்டினது, அப்ப 192 கிலோ, 20 வீதத்துக்குக் கிட்ட. கெப்பின்ர பின்பக்கம் அமந்து ஹெட்லைற் வெளிச்சம் மேல மரத்தில அடிச்சது, ஸ்டியரிங் பாரமில்லாம மிதந்தது. இதுவும் கூடாது எண்டு விளங்கி, ஜெனரேற்றரை அச்சுக்கு நேர மேல வைச்சு, மா மூட்டையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, ஒவ்வொண்டா நகத்தி நகத்தி அளந்தனாங்கள். கடைசியில 45. முன்பாரம் 135 கிலோ, 14 வீதம் அளவு. 50 போல் மாத்தி, போல் பூட்டுற இடத்தை 3 அங்குலம் இறக்கி, வான் ரயர் போட்டு, செயினும் குறுக்கால கொழுவினாச்சு. பட்டறை அண்ணைதான் பின்னேரம் வந்து நிண்டு பாத்துச் செய்தவர், கூலி வாங்க மாட்டன் எண்டிட்டார்.

போகேக்க ஓமந்தைக்குக் கிட்ட பின்னுக்குக் கொழும்பு பஸ் ஒண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்தது. மச்சான் கதவுக் கைபிடியைப் பிடிச்சிட்டான். நான் 55ல நேரா பிடிச்சுக்கொண்டு இருந்தனான். பஸ் வெட்டேக்கப் பெட்டி ஒருக்கா இடப்பக்கம் அசைஞ்சது, திரும்பி வந்தது, நிண்டிட்டு. கண்ணாடியில பெட்டியின்ர மூலை தெரியவே இல்லை.

மடுவில தண்ணி அங்கயே நிரப்பினனாங்கள். பிரேக் அச்சு இன்னும் கிடைக்கேல்ல, கிடைக்கும் வரைக்கும் 50க்கு மேல போறேல்ல எண்டு வீட்டில சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன். பட்டறை அண்ணை, பழைய பிரேக் அச்சு ஒண்டு வவுனியாவில பாத்தனான், ட்ரம் பிரேக், லைனர் தேஞ்சிருக்குது, வாங்கலாமோ?

பரந்தன் பட்டறை:

வாங்காதேங்கோ, முதல்ல ட்ரம்மின்ர உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ. கோடு விழுந்திருந்தா வேண்டாம். கோடு இல்லாட்டி லைனர் நான் போட்டுத் தாறன்.