போலீஸ் கருத்துக்கணிப்பு: வாட்ஸப் குரூப்ல கூகுள் ஃபார்ம் போட்டா போதுமா?

வேளச்சேரி_நலச்சங்கம்:
வணக்கம். ஸ்டேஷன் சார்பா மக்கள்கிட்ட கருத்து கேக்கப் போறோம், சங்கம் உதவணும்னு இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கார். பத்து கேள்வி வச்சு கூகுள் ஃபார்மை குரூப்ல போட்டுட்டா போதும், 400 பேர் நிரப்பிடுவாங்கன்னு கமிட்டியில சொல்றாங்க. முதல் கேள்வி: 'காவல்துறையின் சேவை உங்களுக்குத் திருப்தியா?' இதை நம்பலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
குலுக்கல்ல எடுத்த 400 பேர்னா, 95 சதவீத உறுதியோட விடை 5 சதவீதம் முன்னப்பின்ன இருக்கும். தானா வந்து நிரப்பறவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, 4,000 பேர் நிரப்பினாலும் சரி. குரூப்ல இருக்கறது பெரும்பாலும் சொந்த ஃபிளாட்காரங்க. பி.ஜி.யில தங்கறவங்க, கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் ஆளுங்க, தள்ளுவண்டிக்காரங்க இருக்க மாட்டாங்க. தெருவுல போலீஸை தினமும் நேருக்கு நேர் பார்க்கறது அவங்கதான்.

வாக்காளர் பட்டியலை வச்சு வீடு எடுக்காதீங்க, வெளியூர்லேர்ந்து வந்தவங்க அதுல விட்டுப்போவாங்க. தெருத்தெருவா நடந்து வீட்டை எண்ணி எழுதுங்க. மாடி போர்ஷன், தகரக் கொட்டகை, வாட்ச்மேன் ரூம் எல்லாம் தனித்தனி. 6,000 வீடு வந்தா பத்துக்கு ஒண்ணா 600 எடுங்க. பூட்டினது, மறுத்தது போக 400 தேறலாம். எந்த வீட்டுல ஆரம்பிக்கறதுன்னு 1லேர்ந்து 10க்குள்ள சீட்டு குலுக்கிப் போடுங்க. வீட்டுல 18 வயசு தாண்டினவங்கள்ல யாருக்குக் கடைசியா பிறந்தநாள் வந்துச்சோ அவரைத்தான் கேக்கணும். இல்லேன்னா எல்லா வீட்டுலயும் குடும்பத் தலைவரே பேசுவார். ஆள் இல்லேன்னா வேற வேற நேரத்துல மூணு தடவை போங்க. அதுக்குப் பதிலா பக்கத்து வீட்டைக் கேட்டா, பகல்ல வீட்டுல இருக்கறவங்க பேச்சு மட்டும்தான் சேரும்.

400ஐ நாலு பகுதியாப் பிரிச்சா ஒண்ணொண்ணுலயும் 100 பேர், பிழை 10 சதவீதம் ஆயிடும். அப்புறம் 'இங்க 62 சதவீதம், அங்க 57 சதவீதம்'னு பகுதிகளை ஒப்பிட்டுக் கூட்டத்துல வாசிக்காதீங்க.

கள_ஆய்வு_சாந்தி:
யார் கேக்கறாங்கங்கறது இதைவிட முக்கியம். காக்கிச் சட்டை வாசல்ல நின்னா எல்லாருக்கும் திருப்திதான். பீட் கான்ஸ்டபிள் வேண்டாம், போலீஸுக்கு உதவற தன்னார்வலர்கள் வேண்டாம், சங்க நிர்வாகிகளும் வேண்டாம். வேற ஏரியா காலேஜ் பசங்களை ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க, ஜோடியில ஒரு பொண்ணு கட்டாயம். சாயங்காலம் 6லேர்ந்து எட்டரை வரைக்கும், ஞாயிறு காலையும் சரியான நேரம். ஹிந்தி பேசற ஒருத்தராவது வேணும்.

'திருப்தியா?' கேள்வியை எடுத்துடுங்க. நடந்ததைக் கேளுங்க: 'போன பொங்கலுக்கு அப்புறம் உங்க வீட்டுல யாருக்காவது செல்போன், செயின், வண்டி திருட்டுப் போச்சா?' வெறுமனே 'ஒரு வருஷத்துல'ன்னு கேட்டா மூணு வருஷத்துக்கு முன்னாடி போன வண்டியையும் சேர்த்துச் சொல்லுவாங்க. போச்சுன்னா அடுத்தடுத்து: ஸ்டேஷனுக்குப் போனீங்களா? போகலேன்னா ஏன்? போனதும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு) கொடுத்தாங்களா, எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா, நகல் காசு வாங்காமக் கைக்கு வந்துதா? 'மரியாதையாவும் வேகமாவும் நடந்துக்கிட்டாங்களா'ன்னு ஒரே கேள்வியில ரெண்டைக் கோர்க்கக் கூடாது. மரியாதை இருந்து வேகம் இல்லேன்னா அவங்க எந்தக் கட்டத்துல டிக் போடுவாங்க?

பயத்தையும் இடம், நேரம் சொல்லிக் கேளுங்க: 'ராத்திரி ஒன்பதுக்கு மேல ஸ்டேஷன்லேர்ந்து தனியா நடந்து வருவீங்களா?' இதுல வெறும் 'ஸ்டேஷன்'னு போட்டா போலீஸ் ஸ்டேஷனா ரயில்வே ஸ்டேஷனான்னு குழப்பம், 'ரயில்வே ஸ்டேஷன்'னே எழுதுங்க. குடும்ப வன்முறை பத்தி மத்தவங்க முன்னாடி வாயே திறக்காதீங்க. வீட்டுக்கு வீடு 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி), 1930 (சைபர் மோசடி) எண்கள் போட்ட சீட்டு ஒண்ணு கொடுத்துட்டு வாங்க. பேர், கதவு எண், போன் நம்பர் பதில் தாள்ல இருக்கவே கூடாது.

பழைய_ரைட்டர்:
சாந்தி மேடம் சொன்னதுல ஒரு சிக்கல். 400 வீட்டுல 5 சதவீதம் திருட்டுன்னா மொத்தமே 20 பேர். அதை வச்சு ஸ்டேஷன் எப்படி நடத்துதுன்னு சொல்லவே முடியாது. அதுக்கு ரெண்டாவது கணிப்பு தனியா வேணும்: போன மூணு மாசத்து சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். பதிவேட்டுலேர்ந்து அஞ்சுல ஒருத்தருக்குப் போன். பட்டியலை ஸ்டேஷன்ல எடுக்க விடாதீங்க, சங்கடமான கேஸ் எல்லாம் நழுவிடும். உதவி கமிஷனர் (ஏ.சி.) ஆபீஸ்ல எடுக்கட்டும். பாலியல் குற்றம், சிறார் வழக்கு ரெண்டையும் பட்டியல்லேர்ந்து நீக்கிடணும். இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ரசீது கொடுக்காமத் திருப்பி அனுப்பினவங்க பேர் பதிவேட்டுலயே இருக்காது. அவங்களைக் கண்டுபிடிக்கத்தான் வீட்டுக் கணிப்பு. இங்கிலாந்துல 1982லேர்ந்து வீடு வீடாக் கேக்கறது இதுக்குத்தான், ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட்ங்கற ஆய்வு அமைப்பு சென்னை உட்பட நாலு நகரத்துல எடுத்து 2017ல வெளியிட்டதும் இதே மாதிரிதான்.

இன்ஸ்பெக்டர்கிட்ட இப்பவே ஒண்ணு பேசிடுங்க. கணிப்பு நல்லா நடந்து நம்பிக்கை வந்தா அடுத்த ஆறு மாசம் புகார் கூடும். குற்றம் கூடிடுச்சுன்னு மேலிடம் மெமோ கொடுத்தா, அதோட பழையபடி ரசீது நின்னுடும். அதனால உயரதிகாரிக்கு முன்கூட்டியே எழுத்துல தெரியப்படுத்தணும்.

வேளச்சேரி_நலச்சங்கம்:
ரொம்ப நன்றி சார், மேடம். தெருவிளக்கு எரியலைன்னு நிறையப் பேர் சொல்லுவாங்களே, அதை என்ன பண்றது?

பழைய_ரைட்டர்:
தனியாப் பிரிச்சு, கம்பம் எண்ணோட மாநகராட்சி 1913ல பதியுங்க, புகார் எண்ணைக் குறிச்சுக்கங்க. முடிவுகளை 30 நாளுக்குள்ள ஸ்டேஷன் வாசல்ல ஒரே தாள்ல ஒட்டச் சொல்லுங்க: மக்கள் சொன்னது, செஞ்சது, செய்ய முடியாதது, ஏன் முடியாது. அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுட்டு ஒட்ட ஒத்துக்காதீங்க.