பர்மாவில் இறந்த பெரிய தாத்தா: பட்டியலில் பேர் கிடைக்கவில்லை, எங்கே தேடுவது?

குடியாத்தம்காரன்:
தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தவர். பேர் முனுசாமி, சாப்பர் (ராணுவப் பொறியியல் பிரிவின் சிப்பாய்). காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினால் ஊர் பொருந்தும் ஆளே வரவில்லை. கையில் இருப்பது ஒரு வட்டப் பதக்கமும் ஒரு நட்சத்திரமும்தான். கல்லறை எங்கே இருக்கும்? எப்படி இறந்தார் என்று தெரிய வழி உண்டா?

ஏடுதேடி:
பேரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். இந்தியப் படையினருக்கான பதக்கங்களில் எண், பதவி, பேர், படை நான்கும் பொறித்திருக்கும். வட்டப் பதக்கத்தில் விளிம்பில் இருக்கும், நட்சத்திரத்தில் பின்பக்கம். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, மெல்ல உருட்டிக்கொண்டே போட்டோ எடுங்கள். புளி, பிராசோ எதுவும் வேண்டாம். எழுத்து ஆழமில்லாதது, இரண்டு முறை தேய்த்தாலே மழுங்கும்.

எண்ணைத் தளத்தின் 'சர்வீஸ் நம்பர்' கட்டத்தில் மட்டும் போடுங்கள். ஒரே எண் வேறு வேறு படைப்பிரிவில் இருக்கலாம், அதனால் வருகிறவற்றில் படையையும் பாருங்கள்.

குடியாத்தம்காரன்:
எஸ்.பி.ஆர். தெரிகிறது, கடைசியில் ஆர்.ஐ.இ. எண்ணில் நடுவில் ஒரு இலக்கம் தேய்ந்துவிட்டது.

ஏடுதேடி:
எஸ்.பி.ஆர். என்பது சாப்பர், ஆர்.ஐ.இ. என்பது ராயல் இந்தியன் இன்ஜினியர்ஸ். 'ராயல்' பட்டம் 1946இல்தான் வந்தது, பதக்கம் போர் முடிந்த பிறகு பொறித்தது. மதராஸ், பெங்கால், பம்பாய் மூன்று சாப்பர் பிரிவுகளுக்கும் இதே எழுத்துதான். தேய்ந்த இலக்கத்துக்கு 0 முதல் 9 வரை பத்து முறை போட்டுப் பாருங்கள், அரை மணி வேலை.

அதிலும் வராவிட்டால் ஊர் வழியாகப் போங்கள். 'அடிஷனல் இன்ஃபோ' கட்டத்தில் தகப்பனார் பேர், ஊர், மாவட்டம் இருக்கும். அன்றைக்கு வேலூர் மாவட்டம் கிடையாது, வடஆர்க்காடு. குடியாத்தத்துக்குப் பழைய எழுத்துக்கூட்டலில் இரட்டை 'டி', 'எச்' இல்லை. பேரையும் பாதி மட்டும் போடுங்கள்: நடுவில் 'யூ'வா 'ஐ'யா, 'டபிள்யூ' உண்டா, முடிவில் 'ஒய்'யா 'ஐ'யா என்பதெல்லாம் எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. ஒற்றைப் பேர்க்காரர்களைக் குடும்பப் பேர் கட்டத்தில்தான் போட்டிருப்பார்கள். முதல் பேர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பலருக்குத் தேடல் தோற்பது இங்கேதான்.

குடியாத்தம்காரன்:
கிடைத்துவிட்டார்! தகப்பனார் பேரும் சரி. 'ரங்கூன் மெமோரியல்' என்று போட்டு ஒரு 'ஃபேஸ்' எண் இருக்கிறது. அதுதான் கல்லறை எண்ணா?

மதராஸ்சாப்பர்:
இல்லை. அது தூணில் பேர் வெட்டிய பக்கம். தனிக் கல்லறை தெரியாதவர்கள் ஏறத்தாழ 27,000 பேர் அந்த நினைவிடத்தில் இருக்கிறார்கள். யாங்கோனுக்கு வடக்கே சுமார் 35 கி.மீ., தாவுக்கியான் கல்லறைத் தோட்டத்துக்குள். எரியூட்டப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவிடம் உண்டு. அங்கே பேர் இல்லை என்பதால் முறையாக எரித்த பதிவு இல்லை என்று கொள்ளலாம், அதற்குமேல் ஊகிக்க வேண்டாம்.

எப்படி இறந்தார் என்பதற்குக் கம்பெனி (அவர் இருந்த சிறு படைப்பிரிவு) எண் வேண்டும். ஆணையப் பக்கத்தில் சிலருக்கு அது இருக்கும். இல்லாவிட்டால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். 'ஷீட் ரோல்' (ஒவ்வொருவருக்கும் தனியான பணிக் கோப்பு) கேட்காதீர்கள். ஓய்வூதியம் இல்லாதவர்களின் கோப்புகள் 25 ஆண்டில் அழிக்கப்படுபவை. 'லாங் ரோல்' (எல்லோரையும் வரிசையாக எழுதிய பதிவேடு) பதிவைக் கேளுங்கள், அது நிரந்தரம். எண், பதவி, தகப்பனார் பேர், பழைய மாவட்டப் பேர், ஆணையப் பக்கத்தின் நகல் எல்லாம் வையுங்கள். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு. தனிநபர் விவரம் என்று தட்டினால் சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டுங்கள்: 20 ஆண்டு கடந்த தகவலுக்கு அந்தக் காரணம் செல்லாது.

கம்பெனி தெரிந்தால் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 172 வரிசையில் அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். சாப்பர்களின் பேர் அதில் அபூர்வம். ஆனால் அந்தத் தேதியில் கம்பெனி எந்த ஊரில் இருந்தது, பாலம் கட்டியதா, கண்ணிவெடி எடுத்ததா என்பது தெரியும்.

மலாயாபேத்தி:
போரின்போது ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன தோட்டத் தொழிலாளியையும் இதே பட்டியலில் தேடலாமா?

ஏடுதேடி:
வராது அம்மா. அது படையில் பேர் பதிந்தவர்களுக்கான பட்டியல். தொழிலாளிகள் குடிமக்கள் கணக்கு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அவர்களுடைய 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். உங்கள் கேள்விக்குத் தனி இழை திறங்கள், தோட்டத்தின் பேரையும் போடுங்கள்.