ஆமைக் குழிக்குத் தண்ணி ஊத்தலாமா? உங்க அனுபவம் சொல்லுங்க

அலைவாய்க்கரை

இது போன வருஷம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. நீலாங்கரைப் பக்கம் ராத்திரி நடையில கிடைச்ச பங்குனி ஆமைக் குழி (இது ஒரு கடல் ஆமை, மணல்ல குழி தோண்டி முட்டை இடும்), 117 முட்டை. அன்னைக்கே பொரிப்பகத்துக்கு மாத்திட்டோம். ஏப்ரல்ல மணல் கால் வைக்க முடியாத சூடு. நாற்பது நாள் தாண்டின குழி, உள்ள குஞ்சு வெந்துடுமோன்னு பயம். யாரையும் கேக்காம மூணு நாள், தினம் நாலு குடம் தண்ணி ஊத்தினேன். எங்களோடது நைஸ் மணல், தண்ணி சீக்கிரம் வடியல.

பக்கத்துக் குழிகள்ல மேல்மணல் உள்வாங்கி, ராத்திரியில குஞ்சு கொத்தா ஏறி வந்துச்சு. இது மட்டும் அப்படியே கிடந்தது. அறுபதாம் நாள் தோண்டினோம். ஒரு முட்டையைக் கிழிச்சேன். முழுசா வளர்ந்த குஞ்சு, துடுப்பு ரெண்டையும் மடிச்சுக்கிட்டு. வயித்துல மஞ்சக்கரு பட்டாணி அளவுதான் பாக்கி. முட்டையைக் கிழிக்க மூக்கு நுனியில வர்ற அந்த வெள்ளை முள்கூட வந்திருந்தது. 117ல உயிரோட வந்தது ஒன்பது.

உப்பளத்தான்

அக்கா, வருத்தம் புரியுது. ஆனா இதைப் படிச்சிட்டுத் தண்ணியே ஆகாதுன்னு யாரும் முடிவு பண்ணிடக் கூடாது. நாகப்பட்டினம் பக்கம் எங்களுக்கு நேர் எதிரா ஆச்சு. மழையே இல்லாத வருஷம், ஒரு குழியோட பக்கச்சுவர் சரிஞ்சு மேல் முட்டைங்க வெளிய தெரிஞ்சுது. ஒவ்வொண்ணும் மிதிபட்ட டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி நசுங்கி இருந்தது. இட்ட அன்னைக்கு லேசாக் குழி இருக்கும், அது சகஜம். முட்டை மணலோட ஈரத்தை உறிஞ்சி ரெண்டொரு நாள்ல திரண்டுடும். இது பன்னிரண்டாம் நாள்! சாயங்காலம் சாயங்காலம் பூவாளியால சுத்திலும் லேசாத் தெளிச்சோம். ஒரு வாரத்துல பாதிக்கு மேல திரும்பத் திரண்டு வந்துச்சு. தெளிக்காம விட்டிருந்தா அத்தனையும் போயிருக்கும்.

மணல்மேடு

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், எந்த நாள்ல ஊத்தினோம்ங்கிறதுதான் விஷயம். என் கதை சின்னது: அலை ஏறுற கோட்டுக்குக் கிட்ட ஒரு குழி வச்சோம், அமாவாசைக்கு அடியில தண்ணி ஊறி, கீழ் வரிசை பூரா அழுகிப்போச்சு.

இனிமே செய்றவங்களுக்கு. முட்டை ஓடு தோல் மாதிரி, அது வழியாத்தான் கரு மூச்சு விடுது. ஆரம்பத்துல அதுக்குக் காத்து கொஞ்சம் போதும். கடைசி மூணில் ஒரு பங்கு நாள்ல நூத்துச் சொச்சம் குஞ்சும் சேர்ந்து மூச்சு விடும். அப்ப மணல் இடுக்கெல்லாம் தண்ணி நின்னா காத்து எங்க போகும்? முட்டைக்குள்ளயே மூச்சு முட்டிடும். அதனால முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி முழங்கை ஆழத்து மணலை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்க. கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விரலிடுக்குல தண்ணி கசியக் கூடாது. உதிர்ந்தா முதல் நாளே நனைச்சு வடிய விடுங்க. வெயிலுக்கு நிழல்வலை போடுங்க, குடத்தைத் தூக்காதீங்க. போன வருஷ மணலை மாத்துங்க, அழுகல் பூஞ்சை அதுல தங்கும். குழியை ரொம்பக் குளிர வைக்கவும் வேண்டாம், ஈரமணல் சூட்டைக் குறைக்கும், குளிர்ந்த குழியில ஆண்குஞ்சுதான் அதிகம் வரும். அப்புறம், இட்டு சில மணி நேரத்துல கரு ஓட்டு மேல்பக்கம் ஒட்டிக்கும், அதுக்கப்புறம் முட்டையைப் புரட்டவே கூடாது. இன்னொண்ணு, 1972 வனவிலங்குச் சட்டத்துல இந்த ஆமை முதல் அட்டவணை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பட்டியல். வனத்துறை அனுமதி இல்லாம யாரும் முட்டையைத் தொடாதீங்க.

உப்பளத்தான்

நாங்க தெளிச்சதும் அனுமதியோடதான் சார். குடத்துல ஊத்தல.

அலைவாய்க்கரை

கடைசிப் பத்து நாள்லதான் ஊத்தியிருக்கேன். அதை இப்பதான் எண்ணிப் பார்க்கிறேன். நிழல்வலையை மணல்ல இருந்து எவ்வளவு உயரத்துல கட்டுறீங்க? எங்க வலை தாழ்வா இருந்தது, பக்கவாட்டுல காத்தே வராது.