மருத்துவர் எழுதியிருந்தால் ஜே96.01 போட்டுவிடலாமா?

நிலா_கோடர்:
நோய்க் கோடு போட வந்தது ஒரு அமெரிக்க இன்பேஷன்ட் சார்ட் (மருத்துவமனையில் அட்மிட் ஆனவரின் பதிவு), சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி. எமர்ஜென்சி மருத்துவர் ஒரே ஒரு இடத்தில் 'அக்யூட் ஹைபாக்சிக் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்' (ஆக்சிஜன் குறைவோடு திடீர் மூச்சுச் செயலிழப்பு) என்று எழுதியிருக்கிறார். அதற்கான கோடு ஜே96.01 போட்டேன், ஆடிட்டில் தவறு என்று திரும்பி வந்துவிட்டது. 2016 அக்டோபரிலிருந்து இருக்கும் ஐசிடி (நோய்க் கோடுகளின் பட்டியல்) வழிகாட்டி 1.ஏ.19, நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னாலே கோடுக்குப் போதும் என்கிறது. அவர் எழுதியதை மறுக்க நான் யார்?

பழைய_ஆடிட்டர்:
மறுக்க வேண்டாம், கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது வருகிறதா? ஆக்சிஜன் எவ்வளவு?

நிலா_கோடர்:
சம்மரியில் 'சிஓபிடி எக்ஸாசர்பேஷன்' (சிஓபிடி தீவிரமானது) மட்டும்தான். ஆக்சிஜன் 2 லிட்டர், மூச்சு நிமிடத்துக்கு 18. வீட்டிலும் 2 லிட்டர் வைத்திருக்கிறார்.

பழைய_ஆடிட்டர்:
அப்புறம் என்ன? வீட்டில் வைக்கும் அதே 2 லிட்டர், மூச்சுத்திணறல் இல்லை. இதில் 'அக்யூட்' எங்கே? ஜே96.01 ஒரு எம்சிசி (பெரிய கூடுதல் சிக்கல்). அது ஒன்று சேர்ந்தாலே டிஆர்ஜி (மருத்துவமனைக்குப் பணம் கணக்கிடும் நோய்ப் பிரிவு) ஏறும். இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டுவதே இந்தச் சார்ட்டுகளைத்தான். அறைக்காற்றில் பிஏஓ2 (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம்) 60-க்குக் கீழே இருந்ததா என்று கேட்பார்கள். வீட்டிலேயே ஆக்சிஜனில் இருப்பவருக்கு, வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று கேட்பார்கள். சார்ட்டில் பதில் இல்லையென்றால் டினையல்தான், பணம் தர மறுப்பார்கள். அதோடு, சிகிச்சைப் பொறுப்பில் இருந்த மருத்துவர் அதை எங்குமே எழுதவில்லை. இருவர் எழுதியதும் ஒத்துப்போகாதபோது க்வெரி (மருத்துவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) போட்டே ஆக வேண்டும்.

சிடிஐ_கோவை:
மருத்துவர்களின் பதிவுகளைச் சரிபார்க்கும் (சிடிஐ) எனக்கு மறுபக்கம்தான் அதிகம் வலிக்கிறது. போன வாரம் ஒரு சார்ட்: ரத்தத்தில் பிஹெச் 7.28 (அமிலம் ஏறியிருக்கிறது), பிசிஓ2 (கார்பன் டை ஆக்சைடு அழுத்தம்) 68, இரவு முழுக்க பைபேப் (முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் இயந்திரம்). மருத்துவர் எழுதியது 'ஹைபாக்சியா' மட்டும். லேப் எண்ணை வைத்து நாம் ஜே96.02 (கார்பன் டை ஆக்சைடு ஏறிய அக்யூட் ஃபெயிலியர்) போட முடியாது. வெறும் ஆக்சிஜன் குறைவைச் சொல்லும் ஆர்09.02 என்று போனால், சாவின் விளிம்புவரை போய் வந்தவர் லேசான நோயாளி என்று பதிவாகிவிடும். வெட்டுவதற்கு மட்டுமல்ல, இதற்கும் க்வெரி வேண்டும்.

நிலா_கோடர்:
சரி, க்வெரி அனுப்புகிறேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, 'ஃபெயிலியர்தானே?' என்று பதிலை ஊட்டவும் மாட்டேன். ஆனால் அவர் 'அக்யூட் ஆன் க்ரானிக், ஹைபாக்சியாவுடன்' (நாள்பட்ட ஃபெயிலியர் மேல் திடீர் ஃபெயிலியர்) என்று பதில் தந்தால் அதற்கான ஜே96.21 போடுவேன். அப்போதும் என் மேல் தவறு விழுமா?

பழைய_ஆடிட்டர்:
விழாது. அப்போது உங்கள் கோடு சரி. சந்தேகம் இருந்தால் மருத்துவ ஆலோசகரிடம் கொண்டுபோவது எங்கள் வேலை.