மறு: உறுப்பினர்களின் 'பெற்றோர் விடுப்பு' – நல்ல சொல் தேவை

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
குடிமையியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். குழந்தை பிறந்தாலோ, தாமே நோயில் விழுந்தாலோ மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளம் குறையாமல் கிடைக்கும் விடுப்பு பற்றி ஓர் அத்தியாயம். முன்னதற்குப் 'பெற்றோர் விடுப்பு', பின்னதற்கு 'மருத்துவ விடுப்பு' என்று எழுதினேன். "பெற்றோரைக் கவனித்துக்கொள்ள எடுக்கும் விடுப்பா?" என்று கேட்கிறார் சரிபார்த்த ஆசிரியர். நியாயமான கேள்வி. வேறு சொல் உண்டா?

———

'மக்கட்பேறு' இருக்கிறதே ஐயா. பெறு என்பதன் முதனிலை திரிந்து பேறு. பிரசவம் என்பது பிறகு ஏறிய பொருள். 'பெறுமவற்றுள் யாமறிவ தில்லை' என்ற குறளில் வரும் மக்கட்பேறு தாய்க்கு மட்டும் உரியதா? தந்தையும் தத்தெடுத்தவரும் அதற்குள் அடக்கம். ஆனால் ஒற்று இரட்டித்து 'மக்கட்பேற்று விடுப்பு' என்றே எழுத வேண்டும்.

———

இலக்கணம் சரி. ஆனாலும் 'மகப்பேறு மருத்துவமனை' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குப் 'பேற்று' உறுத்தும். ஈழத்தில் 'விடுப்பு' என்றால் ஊர்வம்பு என்பதையும் கவனியுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விடுப்பு என்றால் கொடுக்க ஒரு மேலதிகாரி வேண்டும். உறுப்பினருக்கு யார்? இந்திய அரசமைப்பின் 101(4), 190(4) பிரிவுகளின்படி, அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் காலம் எல்லாக் கூட்டங்களுக்கும் வராதவரின் இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம். ஆக அவர் அவையிடம் பெறுவது அனுமதி. அப்புறம், வீட்டில் இருக்கும் நாளில் அவர் இழப்பது சம்பளத்தைவிட வாக்கை. 2019 ஜனவரியில் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் துலிப் சித்திக் சிசேரியனைத் தள்ளிப்போட்டு, சக்கர நாற்காலியில் வந்து பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும்) ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களித்தார். அதே மாதக் கடைசியில்தான் குழந்தை பெற்றவருக்காக இன்னொரு உறுப்பினர் வாக்களிக்கும் முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். 2020இல் அது நிலையானது. நீண்டகால நோய்க்கு அந்த வசதி 2022 வரை இல்லை. நெதர்லாந்தில் ஏற்பாடே வேறு: 16 வாரத்துக்கு இன்னொருவர் உறுப்பினராகவே வந்து அமர்கிறார். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் குழம்பிப்போவார். முன்னது 'பதிலி வாக்கு', பின்னவர் 'இடைக்கால உறுப்பினர்' என்பது என் பரிந்துரை.

———

பதில் அரபு வழி வந்த சொல். 'மாற்றாள் வாக்கு' என்றால் தமிழாக இருக்கும்.

———

மாற்றாளுக்குச் சக்களத்தி என்ற பொருள் அகராதியிலேயே இருக்கிறது அம்மா. தாய்மை பற்றிய பாடத்தில் அது வேண்டவே வேண்டாம். பதிலி எல்லோருக்கும் புரிகிறது.

———

பிறமொழிச் சொல் புரிகிறது என்பதற்காகவே அனுமதித்துக்கொண்டே போனால் கலைச்சொல் குழு எதற்கு? நான் ஒப்பவில்லை.

———

அனைவருக்கும் நன்றி. 'மருத்துவ விடுப்பு' பற்றி யாரும் மறுக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். பெரும்பாலானோர் சொன்னபடி 'மக்கட்பேறு விடுப்பு', ஒற்று இரட்டிக்காமல். பதிலி வாக்கு, இடைக்கால உறுப்பினர் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் விளக்கிவிட்டேன். அனுமதி பற்றிய கருத்தையும் சேர்த்தாயிற்று.

———

இரட்டிக்காமல் எழுதுவது பிழை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.