கழற்றி மாட்டும் சிஎன்சிக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம். ஐடிஐ மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டை வெள்ளிக்குள் தர வேண்டும். கையால் ஓட்டும் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நெடுக்குத் திருகுக்கு ஒன்று, குறுக்குத் திருகுக்கு ஒன்று என ஸ்டெப்பர் மோட்டார்களை (கணினி சொல்லும்படி படிபடியாகச் சுழல்பவை) பல் வைத்த பெல்ட்டால் இணைக்கிறார்கள். வேலை முடிந்ததும் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தால் பழையபடி கைச்சக்கரம்தான். இதை 'கழற்றத்தக்க கணினிவழி எண்கட்டுப்பாட்டு (சிஎன்சி) இணைப்பு' என்று எழுதினேன். ஒரே பக்கத்தில் ஒன்பது முறை வருகிறது!

*

'கணிப்பூட்டு' எனலாம். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வேலை முடிந்தால் அவிழ்த்துவிடுகிறோம். கழற்றலாம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கடைசல் என்பதும் மத்தோடு உறவுள்ள சொல்தான். கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து மரத்தைச் சுழற்றிக் கடைந்த காலம் உண்டு. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் கடலைக் கடைய வாசுகிப் பாம்பு நாணாகிறதே, அதே இயக்கம். அந்தக் காலத்தில் கடைசல்காரருக்கு...

*

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'கணி' வினையடி என்றால் வினைத்தொகையில் வல்லினம் மிகாது, 'கணிபூட்டு' என்றே வரும். பெயர் என்றால் கணி சோதிடன். வேங்கை மரமும் கணிதான்.

*

கோவையில் இருபது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 'பூட்டு' மட்டும் வேண்டாம். கேரேஜை, அதாவது வெட்டுளியைத் தாங்கி நகரும் பாகத்தை, நகராமல் பிடிக்கும் லாக்கைப் பையன்கள் பூட்டு என்றுதான் சொல்கிறார்கள். கேரேஜ் பூட்டியிருக்கும்போது மோட்டாரை ஓட்டினால் படி தப்பும். 200 படிக்கு ஒரு சுற்று. சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகில் ஒரு படிக்கு 0.025 மி.மீ. நகரும். குறுக்குத் திருகில் அது ஜாபின் (கடையும் பொருளின்) விட்டத்தில், இரு பக்கமும் சேர்த்து, 0.05 ஆகிவிடும். இந்த மோட்டாரில் திரும்பிச் சொல்லும் உணரி கிடையாது, படி தப்பியது கணினிக்குத் தெரியவே தெரியாது. ஜாப் வீண். எங்கள் பேச்சில் 'சிஎன்சி மாட்டு', 'சிஎன்சி கழட்டு', அவ்வளவுதான்.

*

பட்டறைப் பேச்சை மதிக்கிறேன். ஆனால் 'சிஎன்சி'யை அப்படியே விட்டால் அப்புறம் எதைத்தான் தமிழாக்குவது? 'மாட்டுக் கட்டுப்பாடு' என்று எழுதினால் மாணவர் மாடு என்றே படிப்பார்.

*

அனைவருக்கும் நன்றி. இன்று வெள்ளி. ஐந்து பேர் 'சிஎன்சி இணைப்பு' போதும் என்கிறார்கள். அதையே போட்டுவிட்டேன். விரிவான பெயர் முதல் இடத்தில் மட்டும் வரும். 'பூட்டு' கேரேஜுக்கு மட்டும்.

*

சரி, அச்சுக்குப் போகட்டும். ஆனால் அதே பக்கத்தில் 'மின் இணைப்பைத் துண்டித்த பின் இணைப்பைக் கழற்றவும்' என்று வருகிறதே, எந்த இணைப்பு? என் வாக்கு இன்னும் கணிப்பூட்டுக்குத்தான், ஒற்று மிகுந்தாலும் மிகாவிட்டாலும்.